ஆளுக்கு ஒரு கட்டம்

நான் வேன் ஓட்டுகிறவன். டிரைவரே இல்லாமல் தானாக ஓடும் கார்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்களைக் காலையில் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய் ஆபீஸில் இறக்குவேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். அந்தக் கார்கள் நன்றாகப் படித்துத் தேறிவிட்டால் முதலில் போவது என்னைப் போன்றவன் பிழைப்புதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் தினமும் டீசல் ஊற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வேனில் கதவோரச் சீட்டில் உட்காருகிறவளைப் பற்றித்தான் சொல்லவந்தேன். ஆபீஸில் அவளுக்குக் கட்டக்கா என்று பெயர். கட்டம் போடும் அக்கா, கட்டக்கா. என்னைவிட வயதில் சின்னவள்தான். எல்லோரும் அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள். எங்கள் இருவரில் யார் பெரியவர் என்று இன்றுவரை முடிவாகவில்லை.

வேலை என்னவென்றால், தெருவில் ஓடும் கார்களின் தலையில் கேமராவை வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு படத்திலும் இருக்கிற ஆள், சைக்கிள், நாய், லாரி எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, இது இன்னது என்று குறிக்க வேண்டும். அந்தக் கட்டங்களை லட்சக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் எது ஆள், எது கம்பம் என்று கார் கற்றுக்கொள்ளுமாம். அம்மா பிள்ளைக்கு நிலாவைக் காட்டிக் காட்டிச் சோறு ஊட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், இந்தப் பிள்ளை வளர்ந்து ரோட்டில் ஓடும்.

கட்டக்கா அதற்கு முன் துணி தைக்கும் கம்பெனியில் வெட்டுப் பிரிவில் இருந்தவள். மில்லிமீட்டர் பிசகினால் ஒரு கட்டுத் துணியும் போச்சு என்கிற வேலை. அந்தக் கை அப்படியே இங்கே வந்துவிட்டது. அவள் போடும் கட்டம் ஆளின் முழங்கையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் என்று கூட வேலை செய்யும் வாயாடிப் பெண் சொல்வாள். புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் கட்டக்காதான் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பாடம் பாதி வேனிலேயே நடக்கும். ஓட்டுகிற என் காதிலும் விழும்.

“ஆளுக்கு ஒரு கட்டம். பத்து பேர் ஒட்டிக்கிட்டு நின்னாலும் பத்து கட்டம். கும்பல்னு மொத்தமா போடக்கூடாது. போஸ்டர்ல சிரிக்கிறவன் ஆள் இல்ல. கடைக் கண்ணாடியில தெரியிறவனும் ஆள் இல்ல, அவனுக்குக் கட்டம் கிடையாது. மரத்துக்குப் பின்னால பாதி உடம்பு தெரிஞ்சா, மறைஞ்சிருக்கிற மீதியையும் ஊகிச்சு முழுசா போடணும். பாதி ஆள்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது.”

“என் ஜாதகத்துல கட்டமே சரியில்லக்கா” என்பாள் வாயாடி.

“இங்க கொண்டா, திருப்பிப் போட்டுத் தர்றேன்.”

வேன் முழுக்கச் சிரிக்கும். நான் மட்டும் சிரிக்காமல் ஹாரன் அடிப்பேன். என் பிழைப்பில் மண்ணைப் போடும் வேலைக்கு என்னையே சாரதியாக வைத்துக்கொண்டு சிரிப்பு வேறா என்று எரிச்சலாக இருக்கும்.

சண்டையும் போட்டிருக்கிறேன். “அந்தக் காருக்குக் கண்ணு இருக்கலாம்மா, பயம் இருக்கா? பயப்படுறவன்தான் பிரேக் போடுவான்” என்பேன். கட்டக்கா விடமாட்டாள். “பயப்படுற மனுஷன்தாண்ணே குடிச்சிட்டு ஓட்டுறான், தூங்கிக்கிட்டு ஓட்டுறான், போன்ல பொண்டாட்டியோட சண்டை போட்டுக்கிட்டே ஓட்டுறான். காருக்குத் தூக்கம் இருக்கா, பொண்டாட்டி இருக்கா?” ரோட்டில் மனிதன் பண்ணும் அட்டூழியத்தை நான் பார்க்காததா? இடித்துவிட்டு நிற்காமல் போனவனையும் பார்த்திருக்கிறேன். கட்டக்கா அந்தக் கார்களை மனதார நம்பினாள். தன் கையால் சொல்லிக்கொடுத்தது தப்பாகாது என்ற நம்பிக்கை அது.

அவள் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். கண்ணாடி வெட்டுவது, சுமப்பது, சுவரில் பொருத்துவது எல்லாம் அவரும் ஒரு கூட்டாளியும்தான். இருவரும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் பிடித்தால் ஒரே ஆள் மாதிரி நடப்பார்கள். வீடு மாடியில் இரண்டு அறை. கீழே அவருடைய அக்கா குடும்பம். ஊருக்கெல்லாம் ஆளுயரக் கண்ணாடி மாட்டுகிறவர் வீட்டில் முகம் பார்க்க மூலை உடைந்த ஒரு துண்டுக் கண்ணாடிதான் இருந்தது. “வைத்தியன் பொண்டாட்டிக்கு மருந்து கிடைக்காதாம்” என்று கட்டக்கா குத்திக்காட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே, “என்னை எந்தக் கட்டத்துலடி போடுவ?” என்று கேட்பாராம். “வீட்டுக்கு உதவாத பொருள்னு ஒண்ணு இருக்கு, அதுலதான்” என்பாளாம். பிள்ளை கிடையாது. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் ஆபீஸ் நிழலில் வேனைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். வாயாடி ஓடிவந்து கதவைத் தட்டினாள். அவள் வாயில் வார்த்தை வரவில்லை என்றதுமே எழுந்து உட்கார்ந்தேன். பின்னால் கட்டக்கா நடந்து வந்தாள். காலில் செருப்பு இல்லை. ஆபீஸுக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். “ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே, அவருக்கு அடிபட்டிருக்காம்” என்றாள்.

நான் எப்படி ஓட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கூட்டாளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் முழங்கை வரை கட்டு. தலைமுடியில் கண்ணாடித் தூள் மின்னியது. அதைத் தட்டிவிடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. கட்டக்கா அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”

“ஜிம்முக்குப் போற கண்ணாடிக்கா. ஆளுயரக் கண்ணாடி. கஸ்டமர் பாக்கணும்னு போர்வையை எடுக்கச் சொன்னாரு, எடுத்தோம். கடை வாசல்ல வண்டி நிறுத்த விடமாட்டான்ல, எதிர்ப்பக்கம் நின்ன டெம்போவுக்கு ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோனோம். பின்பக்கப் பூச்சுல கீறல் விழக்கூடாதுன்னு அந்தப் பக்கத்தை உடம்போட அணைச்சுக்கிட்டு, கண்ணாடி முகம் வண்டி வர்ற பக்கம் ரோட்டைப் பாக்குற மாதிரி கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சிருந்தோம். அவரு முன்னால, நான் பின்னால. இப்போ நம்ம ஊர்லயும் ஓட விட்டிருக்காங்கல்ல, டிரைவர் இல்லாத கார், அது வந்துச்சு.”

“நிக்கலையா?”

“நிக்கிறதை விடுங்கக்கா, வேகத்தைக்கூடக் குறைக்கல. ரோடு காலியா இருக்கிற மாதிரி வந்துச்சு.”

அப்போதுதான் கட்டக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டாளிக்கும் எனக்கும் புரியாதது அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கண்ணாடியில் ரோடு தெரிந்திருக்கிறது. வெறும் ரோடும் மேலே கொஞ்சம் வானமும். கார் அதை ரோடு என்றே எடுத்துக்கொண்டு நேராக வந்திருக்கிறது. என் போன்ற மடையன் ஓட்டியிருந்தாலும், கீழே நாலு கால் நடந்து போவதைப் பார்த்து என்னமோ ஏதோ என்று பிரேக்கை மிதித்திருப்பான். காலைப் பார்த்தால் ஆள் என்று தெரிய எனக்கு யாரும் கட்டம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இதைப் பேசி ஜெயிக்கிற நேரமா அது?

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய அக்கா மாடிப்படியிலேயே மறித்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள், வயிறு எரிந்து பேசினாள். “அந்தக் காருக்குக் கண்ணு வச்சவளே நீதானடி! உன் கண்ணுதானடி என் தம்பியைத் தின்னுருச்சு!” சுற்றி நின்றவர்கள் அவளை இழுத்துப் பிடித்தார்கள். அந்தச் சொல் கட்டக்காவை எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும்; கண்ணாடியில் தெரிகிறவன் ஆள் இல்லை என்று என் வேனில்தானே பாடம் எடுத்தாள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் போட்ட கட்டங்கள் சேர்ந்து படித்த கார் அது. யார் சொன்னதைக் கேட்டு நேராகப் போனது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆபீஸ் சூப்பர்வைசரும் அதைத்தான் சொன்னார். இல்லை என்று சொல்லவும் யாராலும் முடியாதே. அதுதான் கொடுமை.

விபத்து விசாரணைக்குக் கட்டக்காவையும் கூட்டாளியையும் நான்தான் அழைத்துப் போனேன். நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் திரை. கார் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி நல்ல பையன். குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றுக்கும் வருத்தம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தான். எனக்கு அவன்மேல் கோபப்பட ஆசை. அவன் அதற்கு இடமே கொடுக்கவில்லை. மனிதர்கள் ஓட்டும் வண்டிகளைவிடத் தங்கள் கார்கள் எவ்வளவு பாதுகாப்பானவை என்று கோடு கோடாகப் போட்டுக் காட்டினான். அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. கடைசியில் சம்பவத்தை வாசித்தான்: வண்டியின் பாதையில் ஆள் எவரும் பதிவாகவில்லை, அடையாளம் காணப்படாத பொருள் ஒன்றின்மீது வண்டி மோதியது.

கட்டக்கா எழுந்து நின்றாள். “சார், அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.”

அவன் படித்தான்.

“அது பொருள் இல்லைங்க. ரெண்டு ஆளு. ஒருத்தர் எங்க வீட்டுக்காரர், ஒருத்தர் அந்தா உக்காந்திருக்காரு. ஆளுன்னு மாத்திப் போடுங்க.”

“அம்மா, அவர் மனுஷன் இல்லைன்னு நாங்க சொல்லலை. வண்டிக்கு என்ன தெரிஞ்சுதோ அதை அப்படியே எழுதுறோம். வண்டிக்கு ஆள் தெரியல.”

“அதைத்தான் சொல்றேன். தெரியணும்.”

“வார்த்தைதானேம்மா” என்றான் அவன், ஆறுதலாகத்தான்.

திரும்பி வரும்போது கட்டக்கா வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பிறகு, “எனக்கு வேற எதுவும் வேண்டாம்ணே. அந்தக் காருக்கு அவரு ஆளுன்னு தெரியணும். அது ஒண்ணு நடந்துட்டா போதும்” என்றாள். செத்தவரை ஆள் என்று ஒரு இயந்திரம் ஒத்துக்கொண்டால் என்ன, ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வேனை ஓட்ட எனக்கு அருகதை இருந்திருக்காது.

அவள் வேலையை விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவருடைய அக்கா கீழ்வீட்டிலேயே இருந்துகொண்டு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அக்கம்பக்கத்தில், இன்னும் அந்த வேலைக்கா போறா, நெஞ்சழுத்தக்காரி, என்றார்கள். அவள் போனாள். கதவோரச் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். புதுப் பெண்களுக்குப் பாடம் எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஏன் விடவில்லை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. கார் எங்கே தவறு செய்கிறதோ, அந்தப் படங்களைத் திரும்ப ஆபீஸுக்குத்தான் அனுப்புவார்கள். சரியாகக் கட்டம் போட்டுத் தரச் சொல்லி, மறுபடி படிக்க வைப்பதற்காக. அந்தப் படங்கள் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

வந்தன. சூப்பர்வைசர் அவற்றைச் சத்தமில்லாமல் வேறு அறைக்கு மாற்றப் பார்த்தார். நல்ல எண்ணத்தில்தான். கட்டக்கா அவர் மேஜை முன்னால் போய் நின்றாளாம். இதை வாயாடி எனக்குச் சொன்னாள். அவளுக்குக் கட்டக்காவின் பக்கத்து நாற்காலி.

“சார், அதை என்கிட்ட குடுங்க.”

“வேண்டாம்மா. பாக்குற மாதிரி இல்ல. வேற யாராவது போடட்டும்.”

“வேற யாரு போட்டாலும் ஊகிச்சுதான் சார் போடணும். கண்ணாடிக்குப் பின்னால தோள் எங்க இருக்கு, இடுப்பு எங்க இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு உயரம் எனக்குத் தெரியும்.”

சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படங்களை அனுப்பினாராம்.

படத்தில் ஒரு பெரிய கண்ணாடி. அதற்குள் ரோடு. ஓரத்தில் நாலு விரல், கீழே கால்கள், மேலே கொஞ்சம் முடி. முதலில் கூட்டாளிக்குக் கட்டம் போட்டாளாம். பிறகு அவருக்கு. கண்ணாடிக்கு மேலேயே கையை ஓட்டி, தெரியாத உடம்பைத் தெரிகிற மாதிரி அளந்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை முழுக் கட்டம். மேலே ‘ஆள்’ என்று குறித்தாள். அடுத்த படம், அதற்கடுத்த படம். கார் நெருங்க நெருங்க அவர் பெரிதாகிக்கொண்டே வருகிறார். எந்தப் படத்தில் அவர் காரைத் திரும்பிப் பார்த்தார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி நொறுங்கி அவர் ரோட்டில் கிடந்த படங்களுக்கும் அவளே போட்டாள். படுத்திருந்தாலும் ஆள்தான்.

“அழவே இல்லண்ணே” என்றாள் வாயாடி, அழுதுகொண்டே. “துணி வெட்டுற மாதிரி வெட்டி வெட்டிப் போட்டாங்க.”

தலைமை ஆபீஸிலிருந்து அவை திரும்பி வந்துவிட்டன. தெரிகிற பகுதியைவிடக் கட்டம் பெரிதாக இருக்கிறது, குறைக்கவும் என்று யாரோ எங்கிருந்தோ எழுதியிருந்தார்கள். மறைந்ததை ஊகிக்கலாம், ஆனால் பாதிக்கு மேல் மறைந்திருந்தால் ஊகிக்க வேண்டாம் என்று புது விதியாம். கட்டக்கா ஒரு நூல் அளவுகூடக் குறைக்கவில்லை. அப்படியே திரும்ப அனுப்பச் சொன்னாள். சூப்பர்வைசரை நான் அதுவரை ஒரு தலையாட்டிப் பொம்மை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அந்த மனிதர் தன் பெயரைப் போட்டு, ‘இதுவே சரியான அளவு’ என்று எழுதி அனுப்பினார். பிறகு அவை திரும்பி வரவில்லை.

நாட்கள் போயின. துக்கம் ஆறிவிடும் என்பார்கள். அவளுக்கு ஆறவில்லை, பழகிப்போனது அவ்வளவுதான். வேனில் எப்போதாவது ஒரு சிரிப்பு வரும், பாதியில் நின்றுவிடும். மாடியில் அந்தத் துண்டுக் கண்ணாடியை எடுத்துத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். முகம் பார்க்காமலேயே தலை வாரிக்கொண்டு வருவாள். வகிடு கோணலாக இருக்கும். வாயாடி வேனில் வைத்துச் சரிசெய்து விடுவாள்.

ஒரு சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கடைவீதியில் எனக்கு முன்னால் அந்த மாதிரிக் கார் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல மனதுக்குள் திட்டிக்கொண்டே பின்தொடர்ந்தேன். திடீரென்று அது நின்றது. என்னவென்று எட்டிப் பார்த்தால், இரண்டு பேர் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போகிறார்கள். கண்ணாடி பளபளக்கிறது. அதில் கடைகளும் வானமும் தெரிகின்றன. கார் அசையாமல் நிற்கிறது. அவர்கள் சாவகாசமாக நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

கட்டக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். நான் கூப்பிடுவதற்குள் போய் அந்தக் காருக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஒரு முழத் தூரம் இருந்திருக்கும். கார் அப்படியே நின்றது. அவள் இடதுபக்கம் கொஞ்சம் நகர்ந்தாள், கார் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலற ஆரம்பித்தன. டிரைவர் சீட்டில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. நான் இறங்கி ஓடினேன்.

“அக்கா, வாங்கக்கா, போகலாம்.”

“இருங்கண்ணே. நிக்குது பாருங்க” என்றாள். கண்ணீர் தாரையாக ஓடியது. ஆஸ்பத்திரியில் அழாதவள், சாவு வீட்டில் அழாதவள், நடுரோட்டில் நின்று அழுதாள். “அவருக்கு நிக்காதது எனக்கு நிக்குது பாருங்கண்ணே.”

காரின் பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒரு பெரியவர், மடியில் மருந்துப் பை. அவளைப் பார்த்துப் பதறிப்போனார். கார் இடிக்க வந்து பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“பயப்படாதம்மா” என்றார் கனிவாக. “இது யாரையும் இடிக்காது. எவ்வளவு நேரமானாலும் நிக்கும். நான் இதுலதான் போயிட்டு வர்றேன், அவ்வளவு பத்திரம்.”

கட்டக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தெரியும்ப்பா. நானும் எங்க வீட்டுக்காரரும்தான் இதுக்குச் சொல்லிக் குடுத்தோம்.”

பெரியவருக்கு ஆச்சரியம், சந்தோஷம். “அப்படியா! வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பாக்குறாரு?”

“கண்ணாடிக் கடையில” என்று சொல்லிவிட்டு அவள் ஒதுங்கி வழிவிட்டாள். கார் போய்விட்டது.